இந்த நாய் என்ன வேலை பார்க்கும்?

நாயோடு ஊர் சுற்றுவதை இணையத்தில் போட ஆரம்பித்தால் அக்கம்பக்கத்தில் இரண்டே கேள்விதான் வரும். இதுல எவ்வளவு வருது என்பது ஒன்று. கல்யாணமான பொண்ணுக்கு இது தேவையா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குச் சிரிப்பேன், இரண்டாவதற்கு இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சிரிப்பேன், ஆள் போய்விடுவார். ஆனால் மூன்றாவதாக ஒருவர் கேட்டது இன்னும் செரிக்கவில்லை. கேட்டவர் ஒரு கீதாரி. கோடையில் ராமநாதபுரம் பக்கமிருந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்து அறுப்பு முடிந்த வயல்களில் கிடை போடுவார்களே, அவர்களில் ஒருவர். பாபநாசத்துக்குக் கொஞ்சம் தள்ளிக் குடமுருட்டிக் கரையில் மணியையும் ஜிம்மியையும் கூட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன். இரண்டுக்கும் சிவப்பு நிறத்தில் மார்புப் பட்டை, என் கையில் போன், போனுக்கு ஒரு குச்சி. அவருடைய நாய்கள் கிடைக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாகக் குரைக்காமல் நின்றன. "ஏந்தாயி, இது என்ன வேல பாக்கும்?" என்றார். "வேலையெல்லாம் ஒண்ணும் இல்லைங்க, சும்மா வளக்குறோம்." "சும்மாவா?" என்றார், கிண்டலே இல்லாமல், நிஜமாகவே புரியாமல். தன் நாய்களைக் காட்டி, "இதுக ராத்திரி கண்ண மூடாது. நரி வந்தாலும் களவாணி வந்தாலும் மொதல்ல இதுகளத் தாண்டணும்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அவர் கிடையைப் பெயர்த்துக்கொண்டு அடுத்த வயலுக்குப் போயிருப்பார், கேள்வி என்னிடம் தங்கிவிட்டது.

மணி, அரிசி ஆலை வாசலில் பிறந்த கறுப்பு நாட்டு நாய். ஜிம்மி சிப்பிப்பாறைக் கலப்பு என்று கொடுத்தவர் சொன்னார். காலைப் பார்த்தால் நம்பலாம், காதைப் பார்த்தால் நம்ப முடியாது. இரண்டையும் வைத்து இணையத்தில் ஒரு பக்கம் ஆரம்பித்தபோது திட்டம் என்று எதுவும் கிடையாது. ஏப்ரல், மே மாதத்து ஆற்று மணலில் ஜிம்மி ஓடுவதைப் பார்த்துவிட்டு யாருக்கும் காட்டாமல் இருக்க முடியவில்லை, அதுதான் காரணம். தண்ணீர் வந்தால் மணல் போய்விடும், நடை கரைக்கு ஏறிவிடும். சம்பா நட்ட பிறகு வரப்பில் நாயை அவிழ்த்துவிட்டால் ஊரே சண்டைக்கு வரும், நியாயம்தான். அறுவடைக்கு அப்புறம் வயல் திறக்கும், கூடவே வாத்து மேய்ப்பவர்களும் வருவார்கள், வாத்தைக் கண்டால் மணிக்குப் புத்தி பேதலித்துவிடும் என்பதால் அந்த மாதங்களில் கயிறு கையைவிட்டு இறங்காது. மற்றவர்கள் கண்டென்ட் காலண்டர் என்று எக்செல்லில் ஏதோ போட்டு வைத்திருக்கிறார்கள். எனக்கு அது மேட்டூரில் இருக்கிறது.

அப்படி விளையாட்டாகச் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியம் 2024ல் வாயில் கசந்தது. வழக்கமாக மேட்டூர் அணையைத் திறக்கிற ஜூன் 12 வந்தது, தண்ணீர் வரவில்லை. ஜூலை கடைசியில்தான் மேட்டூரைத் திறந்தார்கள். அதுவரைக்கும் எங்களுக்கு மணல் கிடைத்தது, விடியற்காலை வெளிச்சத்தில் இரண்டு நாய்களும் வெறும் ஆற்றில் ஓடுகிற வீடியோக்கள் நன்றாகவே போயின. பக்கத்து வயல்காரருக்குக் குறுவை போயிற்று. அந்த வீடியோ ஒன்றின் கீழே யாரோ, "ஆறு காஞ்சு கெடக்கு, உங்களுக்கு அழகா இருக்கா?" என்று எழுதியிருந்தார். பதில் போடவில்லை. அழகாகத்தான் இருந்தது, அதுதான் சிக்கல். அந்த வரியும் கீதாரியின் கேள்வியும் சேர்ந்துகொண்டு ஒரே பக்கத்திலிருந்து குடைய ஆரம்பித்தன: நாய் ஓடுகிறது சரி, அதை இத்தனை பேர் பார்ப்பதும் சரி, இந்தப் பக்கம் என்ன வேலை பார்க்கிறது?

நாய் கூட இருந்தால்

ஒரு விஷயத்தில் கீதாரிக்கு நான் சரியான பதில் சொல்லவில்லை என்று பிற்பாடு தோன்றியது. என் நாய்கள் வேலை பார்க்கின்றன. காலை ஐந்தே முக்காலுக்கு ஒரு பெண் ஆற்றங்கரையில் தனியாக நடந்து போனால் எங்கள் பக்கத்தில் மூன்று பேராவது நிறுத்திக் கேட்பார்கள். "என்னம்மா, எங்க இந்நேரத்துல? வீட்ல ஏதும் பிரச்சினையா?" அக்கறையாகவே கேட்பார்கள், அதனால் கோபித்துக்கொள்ளவும் முடியாது. நாயோடு போனால் யாரும் கேட்பதில்லை. நாயைக் கூட்டிப் போகிறாள், முடிந்தது. கல்லணை வரைக்கும் போய் ஷட்டருக்குக் கீழே நின்று தண்ணீர் சத்தம் கேட்டதும், பூம்புகாரில் கடற்கரையோரம் காலாற நடந்ததும், திருவையாற்றுப் படித்துறையில் காரணமே இல்லாமல் உட்கார்ந்திருந்ததும் நாய்கள் வாங்கிக் கொடுத்த அனுமதிச் சீட்டில்தான். அம்மா மட்டும், "அதுங்களுக்கும் வேலை இல்ல, ஒனக்கும் வேலை இல்ல" என்பாள். ஆனால் நாய்கள் கூட வருகின்றனவா என்று வாசல் வரை வந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவாள்.

எனக்கு வந்த தனிச் செய்திகளில் பாதிக்கு மேல் இதைப் பற்றித்தான். நாய் எந்த ஜாதி, என்ன சாப்பாடு என்று ஆண்கள் கேட்பார்கள். நீங்க எப்படிக்கா தனியா போறீங்க, வீட்ல விடுறாங்களா என்று பெண்கள் கேட்பார்கள். நாயின் சாகசம் என்று நான் போட்டுக்கொண்டிருந்ததை அவர்கள் வேறொருவருடைய சாகசமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதைக் கண்டுகொள்ள எந்தப் புள்ளிவிவரப் பலகையும் எனக்கு உதவவில்லை. அது வயதையும் ஊரையும் சொல்லும், எதற்காகப் பார்க்கிறார்கள் என்பதைச் சொல்லாது.

நோக்கம் என்று ஒரு வரி

சென்னையில் விளம்பரத் துறையில் இருக்கிற என் சித்தி மகன் ஊருக்கு வந்தபோது பக்கத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அக்கா, இத பிராண்டா மாத்தலாம்" என்றான். ஒரே நிறம், ஒரே எழுத்துரு, ஒரு கோஷம், அப்புறம் ஒரு நோக்கம் வேண்டுமாம். நோக்கம் ஒரே வரியில் இருக்க வேண்டுமாம். இந்த நோக்கம் என்கிற சமாச்சாரத்தில் எனக்கு முதலிலிருந்தே நம்பிக்கை இல்லை. பலர் அதைக் கடைசியில் ஒட்டுகிறார்கள், நாய் பெல்ட் விற்பவர் மரம் நடுவார், பிஸ்கட் விற்பவர் தெருநாய் அணைத்த படம் போடுவார். அது பொய் என்று சொல்லவில்லை, ஆனால் நாளைக்கு அந்த வரியை உரித்து எடுத்துவிட்டால் மிச்சம் எல்லாம் அப்படியே ஓடும். உரித்தால் வண்டி நிற்க வேண்டும், அப்படிப்பட்ட ஒன்றாக இருந்தால்தான் அதற்கு நோக்கம் என்று பெயர் வைக்கலாம் என்பது என் கட்சி. சித்தி மகன், "நீ ரொம்ப யோசிக்கிறக்கா" என்று சொல்லிவிட்டுச் சட்டப்படி என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒரு பட்டியல் கொடுத்துவிட்டுப் போனான். அது உண்மையிலேயே பயன்பட்டது. காசோ பொருளோ வாங்கிக்கொண்டு போடும் பதிவில் அது விளம்பரம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். விளம்பரத் தர கவுன்சில் 2021லேயே இதற்கு வழிமுறை போட்டது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான விளம்பரத்துக்கு முதல் முறையே 10 லட்சம் வரை அபராதம் போட இடமிருக்கிறது. பெயரை டிரேட்மார்க் பதிய தனி ஆளுக்கு ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். நாய்க் கழுத்துப்பட்டை 18ஆம் வகுப்பாம், நாய்த் தீனி 31ஆம் வகுப்பாம். மணிக்கு ரேஷன் கார்டு இல்லை, டிரேட்மார்க் வந்துவிடும் போலிருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நிறுவனம் பேசியது. நாய்களுக்கான பயணப் பொருட்கள் விற்பவர்கள். பணம் நான் எதிர்பார்த்ததை விட நல்ல பணம். கோடியக்கரையில் எடுக்க வேண்டும், பின்னால் வெளிமான் கூட்டம் தெரிய வேண்டும், முன்னால் ஜிம்மி அவர்களுடைய பட்டையோடு ஓட வேண்டும். போனில் பேசிய பெண் தன்மையாகத்தான் பேசினார், அவருக்கு அந்த இடம் ஒரு படமாக மட்டும் தெரிந்திருக்கிறது. 1967லிருந்து அது சரணாலயம், உள்ளே நாயைக் கூட்டிப் போக அனுமதி கிடையாது. அனுமதியை விடுங்கள், அங்கே வெளிமான் குட்டிகளுக்கு ஊரிலிருந்து நுழையும் நாய்கள் எவ்வளவு பெரிய எதிரி என்பது வேதாரண்யத்துக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார். வெறும் கடற்கரையில் எடுக்கலாமே என்றார். அது பிப்ரவரி மாதம். ஜனவரியிலிருந்து நாகப்பட்டினம் கடற்கரையோரம் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம், முட்டையைத் தோண்டுவதில் நாய்க்கு நிகர் நாய்தான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சொன்னதும் பெருமையாக எல்லாம் இல்லை, இரண்டு நாள் அந்தத் தொகை கண்ணுக்கு முன்னால் நின்றது. ஆனால் அப்போதுதான் எங்கள் பக்கத்துக்கு முதல் விதி எழுதினேன்: நாய் போகக் கூடாத இடம் என்று ஒன்று உண்டு, அதைச் சொல்வதும் பயணப் பதிவுதான். அதற்கு அப்புறம் ஒவ்வொரு இடத்தைப் பற்றிப் போடும்போதும் எந்த மாதம் கூட்டி வரக் கூடாது, எங்கே அவிழ்க்கக் கூடாது, அறுவடை முடிந்த தாளடியில் கண்ணாடிவிரியன் எங்கே படுத்திருக்கும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். காலை எட்டு மணிக்கு மேல் தார் ரோட்டில் நாயை நடத்துவதில்லை. புறங்கையை ரோட்டில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள், வைக்க முடியவில்லை என்றால் அதனாலும் முடியாது.

எடுத்தனூர் நாய்

திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்மப் பல்லவன் காலம், 7ஆம் நூற்றாண்டு. இறந்த வீரனுக்கு எடுத்த கல்லில் அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதற்குக் கோவிவன் என்று பெயர், இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்வெட்டு சொல்கிறது. எனக்குத் தெரிந்து தமிழ்நாட்டில் இதைவிட நீடித்த நாய்ப் பக்கம் கிடையாது. அது என்ன நிறம், எவ்வளவு சமர்த்து, எந்த இனம் என்று எதுவும் எழுதவில்லை. பெயரும் செய்த வேலையும் மட்டும்தான். கீதாரி அந்தக் கல்லைப் பார்த்தால் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார்.

ஊசி போட்டாத்தான் வீடியோ

திருப்பம் ஜூலையில் வந்தது. ஜூலை 6 உலக விலங்குவழி நோய்கள் தினம், 1885ல் அதே நாளில்தான் பாஸ்டர் முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டார். அதை ஒட்டிக் கால்நடை மருந்தகங்களில் நாய்களுக்கு இலவசமாக ஊசி போடுவார்கள். எங்கள் ஊர் முகாம் பால் சொசைட்டி வாசலில். மணிக்கும் ஜிம்மிக்கும் வருடாந்திர ஊசி போட வேண்டியிருந்ததால் போனேன். டாக்டர் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார், ஐஸ் பெட்டி இருந்தது, நாய்தான் இல்லை. ஊருக்குள் எத்தனை நாய் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும், ஆனால் அவை யாருடைய நாய்? சோறு போடுகிறவர் உண்டு, என் நாய் என்று கயிறு கட்டி இழுத்து வருகிறவர் இல்லை. தேய்பிறை அஷ்டமிக்குப் பைரவர் என்று சொல்லித் தயிர் சாதம் வைப்பார்கள், ஊசிக்குப் பிடித்து வா என்றால் அது பொது நாய் ஆகிவிடும்.

பழக்க தோஷத்தில் மணிக்கு ஊசி போடுவதைப் போனில் எடுத்துக்கொண்டிருந்தேன். மணி அசையாமல் நின்று ஊசி வாங்கிக்கொண்டு டாக்டரின் ஷூமேல் காலைத் தூக்கிவிட்டான். சொசைட்டிச் சுவரில் உட்கார்ந்திருந்த பையன்களிடமிருந்து ஒரே சிரிப்பு. அதில் ஒருவன் இறங்கி வந்து, "அக்கா, எங்க டைகரும் வீடியோல வருமா?" என்றான். எனக்கு அந்த நேரத்தில் எப்படி வந்தது என்று தெரியவில்லை, "ஊசி போட்டா வரும்" என்றேன். அவ்வளவுதான். கால் மணி நேரத்தில் தெருவே வந்தது. ஒருவன் பொறையைக் காட்டிக் காட்டி ஒரு செவலையைக் கூட்டி வருகிறான், ஒருவன் வேட்டியைக் கிழித்துக் கயிறாக்கியிருக்கிறான், இன்னொருவன் சாக்கில் குட்டியோடு நிற்கிறான். டாக்டர் சத்தம் போட்டார், சின்னப் பசங்க நாயைப் பிடிக்கக் கூடாது, வீட்டிலிருந்து பெரியவர்கள் வந்து பிடித்தால்தான் ஊசி என்று. ஆக அப்பன்மார்கள் வந்தார்கள். பேப்பரும் கையுமாக ஒரு தாத்தா வந்தார், "எது எங்க நாய்?" என்று பேரனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். மதியத்துக்குள் ஐஸ் பெட்டி காலி, மருந்தகத்துக்கு ஆள் அனுப்பி இன்னொரு பெட்டி வரவழைத்தார்கள்.

அன்றைக்கு எடுத்த வீடியோவில் ஆறு இல்லை, சூரியோதயம் இல்லை. வரிசையாக ஊர் நாய்கள், ஒவ்வொன்றின் பெயர், அதைக் கூட்டி வந்த பையனின் அறிமுகம். இடையில் டாக்டர் பேசியது: நாய் கடித்தால் முதலில் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவு, சுண்ணாம்பும் மிளகாய்ப்பொடியும் வைக்காதே, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போ, ஊசியைப் பாதியில் விடாதே. நோய் வெளியே தெரிந்துவிட்டால் அப்புறம் காப்பாற்றுவது கிட்டத்தட்ட முடியாது. ஓர் ஊரில் நூற்றில் எழுபது நாய்க்கு ஊசி போட்டுவிட்டால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதையும் அவர்தான் சொன்னார். எழுபது சதவீதம் என்பது அறிக்கையில் ஒரு எண், எங்கள் தெருவில் அது டைகர், செவலை, பால்காரர் வீட்டு ராணி என்று எண்ணிவிடக் கூடிய கணக்கு. பக்கத்து ஊரிலிருந்து ஒருவர், "எங்க ஊருக்கும் வாங்க, பசங்க ரெடியா இருக்காங்க" என்று எழுதினார். போனோம். வலங்கைமான் பக்கம் ஓர் ஊரில் டிராக்டர் டிரெய்லரில் ஏற்றி ஒரு தெரு நாய்களை மொத்தமாகக் கொண்டு வந்தார்கள், அந்த டிரெய்லருக்குள் நடந்த சண்டையை மட்டும் நான் போடவில்லை.

மணியும் ஜிம்மியும் அங்கே பார்ப்பது ஒரு வேலை. முதலில் போய் நிற்பார்கள், ஊசி வாங்க வேண்டியதில்லை, சும்மா மேஜைப் பக்கத்தில் படுத்திருந்தாலே போதும், பயந்த நாய் கொஞ்சம் அடங்குகிறது, பயந்த ஆட்களும்தான். பக்கத்தின் ஒரு வரி நோக்கம் என்ன என்று சித்தி மகன் மறுபடி கேட்டபோது, "ஊசி போட்டாத்தான் வீடியோ" என்றேன். கோஷமாக நன்றாக இல்லை என்றான். ஆனால் அதை உரித்தால் இப்போது வண்டி நிற்கும்.

பட்டைக் கணக்கு

வருமானம் என்ற கேள்விக்கும் வந்துவிடுகிறேன், சும்மா சிரித்துக்கொண்டே இருக்க முடியாது. முகாமுக்கு வந்த நாய்களுக்கு அடையாளமாக ஏதாவது கட்டலாம் என்று ஆரம்பித்ததுதான் பட்டை. கும்பகோணத்தில் பள்ளிக்கூடப் பை தைக்கும் ஓர் அண்ணன் பழைய வார்த்துணியில் ஒளி பட்டால் மின்னும் நாடாவை வைத்துத் தைத்துக் கொடுத்தார். ஊசி போட்ட நாய் என்று பகலில் தெரியும், இரவில் தஞ்சாவூர் ரோட்டில் லாரிக்காரர் கண்ணுக்கும் தெரியும். டாக்டர் ஒரு எச்சரிக்கை செய்தார்: வளரும் குட்டிக்குக் கட்டாதீர்கள், கழுத்து பெருத்துப் பட்டை சதைக்குள் போய்விடும், பெரிய நாய்க்கும் இரண்டு விரல் நுழைகிற தளர்ச்சி வேண்டும், இழுத்தால் கழன்று வரும் ரப்பர் ஒன்று வைத்துத் தையுங்கள் என்று. அப்படியே தைத்தோம். வெளியூர்க்காரர்கள் தங்கள் வீட்டு நாய்க்கு ஒன்று வாங்கினால் இங்கே ஒரு தெரு நாய்க்கு ஒன்று. ரொம்பப் பெரிய வியாபாரம் ஆகவில்லை. தையல் கூலி, கூரியர், பொறைச் செலவு போக எனக்கு நிற்பது பெட்ரோல் காசுக்குச் சற்று மேல். யூடியூப்பில் விளம்பர வருமானத்துக்கு ஆயிரம் சந்தாதாரரும் வருடத்தில் நாலாயிரம் மணி நேரப் பார்வையும் வேண்டும், அதைத் தாண்டிய பிறகும் ஊசி வீடியோவுக்கு வருவது மணல் வீடியோவுக்கு வருவதில் பாதிதான். ரத்தம், ஊசி எல்லாம் இருந்தால் விளம்பரம் தயங்குகிறது போல. அதனால் மணல் வீடியோவும் போடுகிறேன். வேலைக்குச் சம்பளம் கொடுப்பது அந்த மணல்தான். அதில் இப்போதெல்லாம் ஆற்றில் தண்ணீர் எப்போது வந்தது, வரவில்லை என்றால் ஏன், குறுவை எந்த நிலையில் இருக்கிறது என்பதும் பேச்சோடு பேச்சாக வந்துவிடும். ஆறு காய்ந்து கிடக்கிறது என்று எழுதியவர் இன்னும் பார்க்கிறார், ஒரு முறை பட்டைகூட வாங்கினார்.

ஜிம்மியின் மூஞ்சி இப்போது வெளுக்க ஆரம்பித்திருக்கிறது. பெரிய தூரம் போனால் மறுநாள் எழுந்திருக்க நேரமாகிறது. நாயை வைத்து நடக்கும் எதற்கும் இந்தக் கணக்கு உண்டு, அதை யாரும் திட்டத்தில் எழுதுவதில்லை. பக்கத்தின் பெயரில் இரண்டு நாய்களின் பெயர் இருக்கிறது, இரண்டில் ஒன்று போனால் என்ன செய்வது? ஒரே மாதிரி இன்னொரு நாயை வாங்கி அதே பெயர் வைத்து ஓட்டுகிறவர்கள் உண்டு. என்னால் ஆகாது. டிரேட்மார்க் விண்ணப்பத்தை இன்னும் அனுப்பாமல் வைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இப்போதைக்கு முகாம் வேலையை மணி தனியாகப் பழகிக்கொண்டிருக்கிறான், ஜிம்மி வண்டியிலேயே படுத்திருப்பாள், வேண்டுமென்றால் இறங்குவாள்.

டைகரைக் கூட்டி வந்த பையன் போன வாரம் வீட்டுக்கு வந்தான். "அக்கா, டைகருக்குத் தனியா பக்கம் ஆரம்பிச்சிட்டோம்" என்றான். காட்டு என்றேன். முதல் வீடியோவில் டைகர் ஊசி போட்ட சீட்டைக் கேமராவுக்கு நேராகப் பிடித்துக் காட்டுகிறார்கள், என் வழியில் வந்த பிள்ளைகள் என்று சந்தோஷப்பட்டேன். இரண்டாவது வீடியோவில் டைகர் பால் சொசைட்டித் திண்ணையில் தூங்குகிறது, தூக்கத்தில் ஒரு கால் ஆடுகிறது, அவ்வளவுதான். அந்த மாதம் நான் போட்ட எதையும்விட அதை அதிகம் பேர் பார்த்திருந்தார்கள். "நீங்க பேசாம இருந்தா உங்களுக்கும் வரும்கா" என்றான்.